பூட்டும் சாவியும் தீயும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"உங்கள் வீட்டில் இரவில் எத்தனை பூட்டுப் போடுகிறீர்கள்?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். "காஸ் குழாயை எந்த வருடம் மாற்றினீர்கள்?" என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வீர்கள்? சென்ற விடுமுறை வரை நானும் விழித்திருப்பேன்.

மின்சாரம் நின்ற ஓர் இரவு, எங்கள் பாட்டி ஜெபமாலை சொல்வதற்காக ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியின் மேல் மெழுகுவர்த்தியை ஒட்டி வைத்துவிட்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்கள். திரி கீழே இறங்கி மூடி பற்றிக்கொண்டது. மேசை விரிப்பின் ஓரமும் கருகியது. நாற்றம் கண்டு அம்மா ஓடிவந்து ஒரு செம்புத் தண்ணீரில் அணைத்துவிட்டார்கள். போனது ஒரு விரிப்புதான். ஆனால் பாட்டி படுப்பது பின்கட்டில். அங்கிருந்து வெளியே போகும் கதவுக்கு இரும்புக் கிரில்; கிரிலுக்குப் பூட்டு; சாவி, முன்னறையில் அப்பாவின் தலையணைக்கு அடியில்! அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீட்டைச் சுற்றி வந்தேன். "இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார்கள்" என்று அண்ணன் கேலி செய்தான். காஸ் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். வருடம் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. எங்களுடையதற்கு எட்டாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. சிலிண்டரின் கழுத்துக்கு மேலுள்ள பட்டையில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். 'பி-28' என்றிருந்தால், 2028 ஜூன் மாதத்துக்குள் அதை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். ஏ, பி, சி, டி நான்கும் ஆண்டின் நான்கு காலாண்டுகள். இதைப் படிக்க அம்மாவுக்கே தெரியவில்லை.

அப்பாவிடம், "காஸ் வாடை அடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "லைட்டைப் போட்டுப் பார்ப்பேன்" என்றார்கள். அதுதான் செய்யக்கூடாதது! சுவிட்சைப் போட்டாலும் பொறி வரும், அணைத்தாலும் வரும். அந்த வாயு காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்ந்து நிற்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும் என்பதும் அண்ணனுக்குத் தெரியவில்லை. சமையலறை அம்மாவுடையது, நமக்கென்ன என்று ஆண்கள் இருப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பெரியோர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தீ ஆண் பெண் பார்த்தா பிடிக்கிறது?

பாட்டியின் கட்டிலுக்கடியில் கொசுவர்த்தி, ஒரே பிளக்கில் ஃபிரிட்ஜும் கிரைண்டரும் என்று குறிப்பு நீண்டது. அவற்றையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்துவிட்டோம். சாவி விஷயத்தில்தான் சண்டை. "திருடன் வந்தால்?" என்றார்கள் அப்பா. திருடனுக்குப் பயப்படும் அளவில் பாதியாவது நாம் தீக்குப் பயப்பட வேண்டும் என்பது என் கருத்து. திருடன் நகையைத்தான் எடுத்துப் போவான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி பற்றியெரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அங்கே இறங்குவதற்கு இருந்த மாடிப்படி குறுகல். தீ மூண்ட பிறகு வழி தேட நேரம் ஏது? பூட்ட வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சாவி எங்கே என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் இருட்டிலும் தெரிய வேண்டும் என்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அப்பா பின்கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில் ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டினார்கள். மாதாவுக்கு முன்னால் டார்ச் லைட் வைக்க மாட்டேன் என்று பாட்டி மறுத்துவிட்டதால், மெழுகுவர்த்தி இப்போது மணல் நிரப்பிய பித்தளைத் தட்டில் நிற்கிறது. நேற்று பாட்டியைக் கூப்பிட்டுச் சாவியை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். எட்டவில்லை. ஆணியை இன்னும் ஒரு சாண் கீழே அடிக்க வேண்டுமென்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.