தாய்வழியும் துவித மரமும்

கணினியியல் கலைப்பீட மாணவனுக்கு ஒவ்வாதது என்பாரும், அதனைத் தமிழில் விளக்குதல் இயலாது என்பாரும் கற்றோரிடையே உளர். துவித மரக் கணக்குகளை மனனஞ் செய்வதே வழி எனப் போதிப்போர் இவ்விரு சாராருக்கும் துணைபோகின்றனர். மூன்று நிலைப்பாடுகளும் பிழையானவை என்பதற்குக் கல்முனைக் கரையோரமே சான்று.

இக்கரையோர முஸ்லிம்களின் குடி, தாய்வழியாகவே கணிக்கப்பட்டு வந்துள்ளது. பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் அமர்ந்ததும் இக்கணிப்பின் வழியேயாம். ஒருவரின் குடி யாது? தாயின் குடி. தாயின் குடி யாது? அவருடைய தாயின் குடி. வினா மாறுவதில்லை, வினாவுக்குரிய ஆளே மாறுகின்றார். குடிப்பெயர் தெரிந்த மூதாட்டியை அடைந்ததும் வினா நிற்கின்றது. விடை அங்கிருந்து படிப்படியாகக் கீழிறங்குகின்றது. ஒரு செயல்முறை தன்னையே அழைத்தல் எனக் கணினியியலார் கூறுவது இதனையே. லிஸ்ப் மொழியை விளக்கி ஜோன் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட கட்டுரைக்கும் இதுவே அடித்தளம்.

குடி ஒரு கிளையை மட்டுமே பற்றிச் செல்கின்றதே எனச் சிலர் மறுக்கலாம். உண்மையே. ஆயினும் ஒவ்வொருவருக்கும் தாய், தந்தை என இருவர் உளராதலின், முன்னோர் வரிசை இயல்பாகவே துவித மரமாகும். பத்துத் தலைமுறை மேலே சென்றால் 1024 இடங்கள். குடியறிய அவற்றுள் ஒன்றை நோக்கிய பத்துப் படிகளே போதும். ஒருவரையுஞ் சேர்த்து அறியப்பட்ட தலைமுறைகள் எத்தனை என வினவினாலோ, இரு கிளைகளையும் நாடவேண்டும். தாய்க்கிளையின் ஆழம், தந்தைக்கிளையின் ஆழம் ஆகிய இரண்டனுட் பெரியதுடன் ஒன்றைக் கூட்டுக. வெற்றுக்கிளையின் ஆழம் பூச்சியம். இவ்விரு வாக்கியங்களுமே முழுத்தீர்வு. இரண்டாவதை விடுத்தால் அழைப்பு முடிவின்றி நீண்டு, நினைவகம் நிரம்பிச் செயல்முறை முறிந்துபோகும். மனனஞ் செய்தவன் இக்காரணத்தை அறியான். ஆழத்திற்குப் பதிலாக ஆட்டொகையைக் கேட்டாலே திகைப்பான். அறிந்தவனோ இரு கிளைகளின் தொகைகளையும் கூட்டி ஒன்றைச் சேர்ப்பான்.

குடிமுறையைப் போற்றுதல் ஈண்டு வாதமன்று. அம்முறையிற் பயின்ற சிந்தனையை அந்நியமெனத் தள்ளுதலே கண்டனத்துக்குரியது. 1996இல் பல்கலைக்கழக நிலையெய்திய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும், கலை கலாசார பீடம் ஒலுவிலிலும் உள்ளன. அவ்விரு ஊர்களுக்கிடையேயுள்ள தூரத்தை அறிவின் எல்லையாகக் கொள்ளுதல் தகாது. துவித மரம் தாய்மொழியில், காரணத்துடன், இரு பீடத்தார்க்கும் கற்பிக்கப்படல் வேண்டும்.