படச்சுருளும் பாங்கொலியும்

மாணாக்கர் ஒருவர் வகுப்பறையில் எத்தகையவர் என்பதனை ஆசிரியர் அறிவர். ஓய்வு நேரத்தில் எத்தகையவர் என்பதனை உடன் பயிலும் நண்பரே அறிவர். எவரும் ஏவாமல் ஒருவன் தானே விரும்பி மேற்கொள்ளும் தொழில் அவன் உள்ளத்தின் போக்கை ஒளியாது காட்டும். ஆதலின் பொழுதுபோக்கு என்பது எளிதில் ஒதுக்கத்தக்க சிறு பொருளன்று. பொழுதுபோக்குகளுள் ஒன்றாகிய படச்சுருட் புகைப்படக் கலையை ஒரு முஸ்லிம் இளைஞர் தமது அன்றாட வாழ்வோடு இயைத்து நடத்துதல் கூடுமோ என்னும் வினாவைப் பற்றி எமக்குத் தோன்றியவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவ்வினா வீணே எழுந்ததன்று. எம் வகுப்பினர் ஒருவர் காயல்பட்டினத்தார். ஐவேளைத் தொழுகை தவறாதவர். பழைய காமிரா ஒன்றும் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களும் அவருக்கு உயிர் போன்றவை. அவரை நோக்கி, 'உம் மார்க்கத்திற்கு இஃது அடுக்குமோ?' என வினவுவாரும் உளர். 'படம் எடுக்கப் போந்த இடத்தும் தொழுகைக்கு ஓடுகின்றீரே!' என நகைப்பாரும் உளர். முன்னையோர் பெரும்பாலும் அவர் சமயத்தார். பின்னையோர் பெரும்பாலும் பிற சமயத்தார். இவ்விரு திறத்தாருக்கும் விடை கூறுதல் இயலும் என்பதே எம் கருத்து.

முதற்கண் சமயத் தடையினை நோக்குவோம். உயிருள்ளவற்றின் உருவங்களை ஆக்குவோரைக் கண்டிக்கும் நபிமொழிகள் பல உள. வடிவு கொடுத்தல் இறைவனுக்கே உரிய செயல். 'அல்முஸவ்விர்', அஃதாவது வடிவமைப்போன் என்பது அவன் திருநாமங்களுள் ஒன்று. ஆகவே 19-ஆம் நூற்றாண்டில் புகைப்படக் கருவி தோன்றியபின், அதன் செயல் அக்கண்டனத்துள் அடங்குமோ அடங்காதோ என்னும் ஆராய்ச்சி மார்க்க அறிஞரிடையே எழுந்தது இயல்பே. 1914-இல் எகிப்து நாட்டின் தலைமை முப்தியாகிய முஹம்மது பகீத் அல்முதீஈ என்பார், புகைப்படம் எடுத்தல் புதியதோர் உருவை ஆக்குதலன்று, உள்ளதொரு பொருளின் நிழலைப் பிடித்து நிறுத்துதலே எனக் கூறி அதனை ஏற்றார். வேறு அறிஞர் பலர் இதனை ஒப்பாது, இன்றியமையாத இடத்தன்றிப் புகைப்படம் கூடாது என்றனர். இவ்விரு கொள்கையினரும் இன்றும் உளர்.

கிறிஸ்தவராகிய யாம் இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆயினும் உருவம் பற்றிய ஐயம் ஒரு சமயத்தார்க்கே உரியதன்று என்பதனை மட்டும் நினைவூட்டுவோம். பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை உடைப்பாரும் காப்பாரும் 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் நெடுங்காலம் பூசலிட்டனர். 843-ஆம் ஆண்டில்தான் அப்பூசல் ஓய்ந்தது. ஓர் உருவம் எம்மட்டில் நன்மை, எம்மட்டில் மயக்கம் எனக் கேட்பவன் அறிவிலி அல்லன். உருவத்தின் ஆற்றலை நன்குணர்ந்தவன் அவனே. எண்ணின்றிப் படம் எடுத்து எண்ணின்றி மறந்துவிடும் இக்காலத்தில், எடுக்குமுன் தயங்கும் உள்ளம் போற்றத்தக்கது.

இனி, ஒளியை ஆராய்தல் முஸ்லிம் உலகிற்குப் புதிதோ எனின், அன்று. பஸரா நகரிற் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1040-ஆம் ஆண்டில் மறைந்த இப்னு அல்ஹைதம் என்பாரை அறியாத ஒளிநூலார் இலர். கண்ணினின்று கதிர் சென்று பொருளைத் தொடுகின்றது என்னும் பழங்கொள்கையை அவர் மறுத்தார்; பொருளினின்று வரும் ஒளியே கண்ணை அடைகின்றது என நிறுவினார். கிரகண காலத்துக் கதிரவனின் உரு சிறு துளை வழியே புகுந்து எதிரே விழுமாற்றையும் ஆராய்ந்து தனி நூல் எழுதினார். அவரது ஒளிநூல் இலத்தீனில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பிய அறிஞர்க்கும் வழிகாட்டியாயிற்று. காமிராவின் குலமுறை கிளத்தப் புகுவோன் பஸராவையும் கெய்ரோவையும் விலக்கி எழுதுதல் இயலாது.

அடுத்து, நாளொழுங்கு பற்றிய நகைப்புக்கு வருவோம். முஸ்லிம்களின் தொழுகை நேரங்கள் கதிரவனை ஒட்டியே வகுக்கப்பட்டவை. வைகறையில் சுபுஹு, நண்பகல் சாய்ந்தபின் லுஹர், பிற்பகலில் அஸர், கதிரவன் மறைந்ததும் மஃரிப், செவ்வொளி நீங்கியபின் இஷா. நண்பகல் நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் அளவினதாகும்போது அஸர் புகும் என்பர் ஷாபி மத்ஹபினர். இருமடங்காகும்போது என்பது இமாம் அபூஹனீபாவின் கொள்கை. நிழலை இவ்வாறு அளந்து நோக்கும் பழக்கமுடையார், ஒளிமானி இல்லாத பழைய காமிராவைக் கையாள்வதில் பிறர்க்கு இளைப்பரோ? வெயில் வெட்ட வெளியில் தெளிவாக எறிக்கும்போது துவாரத்தைப் 16 என்னும் எண்ணில் நிறுத்தி, படச்சுருளின் விரைவு 100 ஆயின் நொடியின் நூற்றிலொரு பங்கு ஒளி புகவிடுக என்பது புகைப்படக்காரரின் பழைய வாய்பாடு. அவ்வாய்பாட்டைக் கூட்டியும் குறைத்தும் வழங்குவதற்கு வேண்டுவது நிழலின் நீளத்தையும் கருமையையும் அறியும் கண்ணே.

முரண்பாடே இல்லை என யாம் கூறவில்லை. காலை இளவெயிலும் மாலைப் பொன்னொளியும் படத்திற்கு உகந்தவை. மாலை ஒளி மிக அழகாகும் அந்நேரத்திலேயே மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கின்றது. மஃரிபின் நேரமோ குறுகியது. எம் நண்பர் அவ்வேளையில் காமிராவைப் பையில் இட்டுவிடுவார். வருந்துவீரோ எனக் கேட்டதற்கு, கதிரவன் நாளையும் மறையும் என்றார். ஒரு கலையை விரும்புவோன் அதனை எங்கே நிறுத்துவது என்பதையும் அறிந்திருத்தல் குறையாகாது. நோன்பு மாதத்தில் அவர் இருட்டறை வேலையை அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வைத்துக்கொள்வார். சுருளை இருளில் தொட்டியிலிட்டு, உருத்துலக்கும் நீரை ஊற்றி, பின் நிலைநிறுத்தும் நீரை ஊற்றி, நல்ல நீரில் பலகாற் கழுவி உலர வைப்பதற்கு ஒரு மணி நேரம் போதும். பசியை மறக்க இதனினும் நல்ல வழி இல்லை என்பார்.

கைபேசி இருக்கப் படச்சுருள் எதற்கு எனக் கேட்பார்க்கு ஒன்று கூறுவோம். ஒரு சுருளில் 36 படங்களே உள. ஒவ்வொன்றும் காசு. எடுத்த படம் உடனே தோன்றாது; வெள்ளியுப்பின் நுண்துகள்களில் கண்ணுக்குப் புலனாகாத வடுவாகக் கிடந்து, உருத்துலக்கும் வரை காத்திருக்கும். ஆகவே எடுப்பவன் எண்ணி எடுப்பான். வீண்செலவைக் கடியும் சமயத்தில் வளர்ந்தார்க்கு இவ்வெல்லை சுமையன்று, துணையே. அன்றியும், எதனை எடுப்பது என்பதைவிட எதனை எடாது விடுவது என்பதனை இக்கலை நன்கு கற்பிக்கின்றது. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்டிர் வந்துபோகும் சிறு சந்துகள் உண்டு. எம் நண்பர் அவ்விடத்துக் காமிராவைத் திறவார். அவருடைய பாட்டியார் தம்மைப் படமெடுக்க ஒருபோதும் இசைந்ததில்லை. பேரனும் வற்புறுத்தவில்லை. அவர் இசைவு பெற்று, அவர் அமரும் நாற்காலியையும், அதன்மேற் கிடந்த தஸ்பீஹ் மணியையும் மூக்குக்கண்ணாடியையும் சன்னல் ஒளியில் எடுத்தார். உயிருருவம் இல்லாமையின் அப்படம் இன்று அவ்வீட்டுச் சுவரில் இடம் பெற்றுள்ளது. மூதாட்டியாரை அறிந்தார் யாவரும் அதனைக் கண்டதும் அவரைக் கண்டது போன்றே மகிழ்கின்றனர்.

இத்துணையும் கூறியது அவர் பொருட்டு; இனிக் கூறுவது நம் பொருட்டு. சென்ற ஆண்டு வெளியூரில் நிகழ்ந்த மாணவர் படக் காட்சி ஒன்றிற்கு 'முஸ்லிம் வாழ்க்கை' என்னும் பொருளில் படங்கள் கேட்டிருந்தனர். நண்பர் நான்கு படங்கள் அனுப்பினார். மழையில் நனைந்த மிதிவண்டியைத் துடைக்கும் தந்தையார். தேர்வுக்குப் படிக்கும் தங்கையின் மேசை. ஒளுச் செய்யும் நீர்த்தொட்டியின் விளிம்பில் அமர்ந்து கதை பேசும் முதியோர். நோன்புக் கஞ்சி பெறத் தூக்குவாளிகளோடு வரிசையில் நிற்கும் சிறார், அவருள் நெற்றியில் நீறு துலங்கும் சிறுவனும் ஒருவன். படங்கள் திரும்பி வந்தன. இவற்றுள் முஸ்லிம் வாழ்க்கை எங்கே என எழுதியிருந்தனர். அவர்கள் வேண்டியவை மினாராவும் முக்காடும் தொப்பியும் பிரியாணி அண்டாவுமே என்பது பின்னர்த் தெரிந்தது.

மினாராவும் தொப்பியும் பொய்யல்ல. ஆனால் அவற்றையே நூறு முறை காட்டிவந்தால் அண்டை வீட்டான் மனிதனாகத் தோன்றான்; வேடமாகவே தோன்றுவான். வேடத்தை அஞ்சுதலும் எளிது, வெறுத்தலும் எளிது. மிதிவண்டி துடைக்கும் தந்தையாரை வெறுத்தல் எளிதன்று. அத்தகைய தந்தையார் நம் வீட்டிலும் உளர். பிறர் தம்மைக் காட்டும் முறையால் நொந்து, தம் படத்தைத் தாமே காட்ட விழைந்தார் முன்னும் உளர். துருக்கிச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, ஏறத்தாழ 1,800 படங்கள் அடங்கிய 51 தொகுதிகளை 1893-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்கு அளித்தார். பள்ளிகளும் மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் அவற்றுட் காணப்படும். சுல்தான் காட்டியது அரசின் பெருமை. எம் நண்பர் காட்டுவது வீட்டின் எளிமை. எளிமையே எமக்கு மிகுதியும் தேவை எனக் கருதுகின்றோம். தமிழ் கற்கும் நமக்கு இது வியப்பன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அரபு நாட்டினைப் பாடுங்கால் தமிழ்நாட்டு மழையையும் ஆற்றையும் வயலையும் அங்கே பெய்து பாடினார். தமிழ் முஸ்லிமின் கண் இம்மண்ணிலேயே ஊன்றி நிற்பது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

இப்பொழுதுபோக்கின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. படச்சுருளின் விலை மாணாக்கர்க்கு எளிதில் எட்டுவதன்று. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற அரசினர் ஆலை 'இந்து' என்னும் பெயரால் சுருள் செய்து அளித்த காலம் உண்டு, அவ்வாலை மூடப்பட்டுவிட்டது. இன்று கிடைப்பவற்றுட் பெரும்பாலன கடல் கடந்து வருவன. பயன்படுத்திய நிலைநிறுத்து நீரில் வெள்ளி கரைந்திருத்தலின், அதனைச் சாக்கடையிற் கொட்டுதலும் தகாது. ஒருவர் தனியே தாங்கும் செலவையும் பொறுப்பையும் பலர் கூடின் எளிதில் தாங்கலாம்.

ஆதலின் நம் கல்லூரியாரிடம் சில வேண்டுகோள்கள் விடுக்கின்றோம். பழைய விசுப்பலகைகள் அடுக்கிக் கிடக்கும் இருட்டறையைத் தூய்மை செய்து மீண்டும் மாணாக்கர்க்குத் திறந்துவிடுக. புகைப்படக் குழுவின் கூட்டங்களை வெள்ளிக்கிழமை நண்பகலில் வையாதிருக்க. ஆண்டு விழாக் காட்சியில், திரும்பி வந்த அந்நான்கு படங்களையும் தலைப்பு ஒன்றுமின்றித் தொங்கவிடுக. காண்போர் முதலில் தந்தையாரையும் தங்கையின் மேசையையும் காணட்டும். எவர் வீட்டுத் தந்தையார் என்னும் வினா அதன் பின்னர் எழின் எழட்டும்.