ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு ஊரா, இரண்டு ஊரா?

பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நமக்கெல்லாம் அது ஒரே ஊர்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஊர்! எப்படி என்கிறீர்களா?

யூனிகோடில் 'ஸ்ரீ' தனி எழுத்து அல்ல. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு குறியீடுகள் சேர்ந்து வருவது. 2005-இல் வந்த யூனிகோடு 4.1-இல் 'ஶ' என்ற எழுத்து புதிதாகச் சேர்ந்தது. ஸ-வுக்குப் பதில் அதை வைத்து எழுதினாலும் பல எழுத்துருக்களில் திரையில் தெரிவது அதே 'ஸ்ரீ'தான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, டேட்டாபேஸுக்குத் தெரியும். ஒரு விதமாகப் பதிந்துவிட்டு இன்னொரு விதமாகத் தேடினால் "இல்லை" என்று கையை விரித்துவிடும். யூனிகோடின் நார்மலைசேஷன் விதிகளும் இந்த இரண்டையும் ஒன்றாக்காது.

பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் வேறு கதை. ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம்... மூன்றும் சரியான தமிழ்தான். புரோகிராமுக்கு மட்டும் மூன்று ஊர்.

இதற்கு நம் புரோகிராமர்கள் செய்கிற வைத்தியம் என்ன? "பேக்எண்டில் ஒரு ரீப்ளேஸ் போட்டா முடிஞ்சுது மச்சி!" தேடலில் ஒரு ரீப்ளேஸ், பில்லில் ஒன்று, மாத அறிக்கையில் இன்னொன்று. அறிக்கை எழுதியவர் இராசபாளையத்தை மறந்திருப்பார். கூட்டல் உதைக்கும். அதைச் சரிசெய்ய இன்னும் நாலு 'இஃப்'.

பேக்எண்டைத் திட்டிப் பயனில்லை. ஊரை வெறும் எழுத்துக் கோவையாக வாங்கிக்கொள்கிற உள் இன்டர்ஃபேஸில்தான் கோளாறு. அதை மாற்றுங்கள். ஃபங்ஷன்கள் ஊர்ப்பெயரைக் கேட்கவே கூடாது, ஊர்க் குறியீட்டு எண்ணைத்தான் கேட்க வேண்டும். பெயரை எண்ணாக்கும் வேலை வாசலில், ஒரே ஒரு இடத்தில் நடக்கட்டும். உள்ளே இருக்கும் 'இஃப்'களை எல்லாம் அழித்துவிடலாம்.

இது புதுசு ஒன்றும் இல்லை. ரயில்வேயில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எஸ்.வி.பி.ஆர்., ராஜபாளையத்துக்கு ஆர்.ஜே.பி.எம். பெயரை எந்த மொழியில் எப்படி எழுதினாலும் அந்தக் குறி மாறாது. மாறக்கூடிய விஷயத்தை ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வை என்று டேவிட் பார்னாஸ் 1972-லேயே எழுதிவிட்டார். ஊர்ப்பெயரின் எழுத்துக்கூட்டலைவிட மாறக்கூடியது வேறென்ன?

"பழைய கோட் எல்லாம் உடைந்துவிடுமே?" உடையாது. பழைய ஃபங்ஷனைக் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டு, அது உள்ளே புதியதைக் கூப்பிடும்படி செய்யலாம். ஒவ்வொன்றாக மாற்றி முடித்த பிறகு தூக்கிவிடலாம்.

"இராசபாளையம் என்று எழுதுகிறவர் தமிழை ஏன் திருத்துகிறீர்கள்?" யாரும் திருத்தவில்லை. அவர் எழுதியது எழுதியபடியே காட்டுவதற்கு இருக்கும். ஒப்பிடுவதற்கு மட்டும்தான் எண். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் யூகிக்காமல் அவரிடமே கேட்க வேண்டும்.

"குறிமுறையையே மாற்றினால் என்ன?" அதுவும் நடந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16 முறையையும் ஏற்றது. எழுத்துக்கு ஒரு குறியீடு என்பதால் புரோகிராம் எழுத எளிது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது இருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். வெளியுலக மென்பொருள்களுக்கு அது தெரியாது. அப்படியே வந்தாலும் ராஜபாளையம், இராசபாளையம் சண்டை தீராது. ஊர் ரோட்டை மாற்ற ஊரே சம்மதிக்க வேண்டும். வீட்டின் உள்கதவை மாற்ற யாரைக் கேட்க வேண்டும்?

இரண்டு நாள் வேலைக்குச் சோம்பல் பட்டுத் தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். கவுண்டருக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். அவர் கையில் இருக்கும் தாளில் ஊர்ப்பெயர் இருக்கிறது. திரையிலும் அதே பெயர்தான் தெரிகிறது. ஆனால் "உங்க ஊர் இல்லைங்க" என்கிறது கம்ப்யூட்டர். அவரிடம் போய் "அது வேற 'ஸ்ரீ'ங்க" என்று யார் விளக்குவது? :-)