ஊன்றுகோலைத் தேர்வது யார்?

புறநானூற்றுப் புலவர் ஒருவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர். அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. பூண் கட்டிய ஊன்றுகோலே பெயராக எஞ்சிவிட்டது. நம் வீடுகளிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. கணக்கு வாத்தியாராகவும் நெசவாளியாகவும் ஊர் மெச்சச் சமைத்தவராகவும் வாழ்ந்தவர்கள், எழுபதைத் தாண்டியதும் 'சுகர்', 'மூட்டுவலி', 'பைபாஸ்' என்றாகிவிடுகிறார்கள். அவர்களுக்கான மருத்துவச் சேவையையும் நாம் அந்த நோயின் பெயரிலேயே தேடுகிறோம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழகத்தில் அறுபது வயதை எட்டியவர்கள் 10.4 சதவீதம். இவர்களுக்காக வீடுகளில் நடக்கும் ஆலோசனை பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது: எந்தப் பெரிய மருத்துவமனை, காப்பீடு உண்டா? பேசுபவர்கள் பிள்ளைகள், பல வேளைகளில் வெளியூரிலிருந்து, தொலைபேசியில். யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் பக்கத்து அறையில் இருப்பார்.

இந்த வரிசை தலைகீழானது என்பதே நம் கருத்து. முதியவர் ஆண்டில் சில நாட்கள் மருத்துவமனையில் இருக்கலாம். மற்ற நாட்களெல்லாம் வீட்டில்தான். உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட முதியோர் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் நடை, நினைவு, பார்வை, செவிப்புலன், உணவூட்டம், மனநிலை ஆகியவற்றைக் கவனிக்கச் சொல்கின்றன. இவை குறைவது வீட்டுக்குள்தான் முதலில் தெரியும். குளியலறைக்குத் தனியே போக முடிகிறதா, சாப்பாட்டின் அளவு குறைகிறதா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது.

2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தன் மருத்துவக் காப்பீட்டை, வருமான வரம்பின்றி, 70 வயதை எட்டிய அனைவருக்கும் விரிவாக்கியது. ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரையிலான பாதுகாப்பு, வரவேற்கத்தக்கதே. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. புறநோயாளராகச் சென்று வருவதற்கும், வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுக்கும், இரவில் துணையிருப்பவரின் சம்பளத்துக்கும் அதில் இடமில்லை. பணம் படுக்கையைத் தேடிப் போகிறது. தேவையோ வாசற்படிக்கு உள்ளே இருக்கிறது.

வாசலுக்கு வரும் மருத்துவம் நமக்குப் புதிதன்று. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கி நோயாளியின் வீட்டுக்கு அனுப்பியது. 2008இல் கேரள அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசென்றது. பிசியோதெரபியும் வலி தணிப்புச் சேவையும் அதில் அடக்கம். 'அதெல்லாம் ஏழைகளுக்கு' என்று நடுத்தர வர்க்கம் ஒதுங்கிக்கொள்வது அறியாமை மட்டுமன்று, வீண் கௌரவமும்கூட. மாதந்தோறும் படியேறி வரும் ஒருவர், முகம் பார்த்தே 'இந்த மாசம் இளைச்சிருக்கீங்களே' என்று சொல்லக்கூடியவர். அந்தக் கண்ணை எந்த முழு உடல் பரிசோதனைச் சலுகையிலும் வாங்க முடியாது.

தனியார் சேவைதான் வேண்டுமென்றால் கட்டணத்துக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. வருபவர் நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்ற செவிலியரா, சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளரா? அவர் விடுப்பில் போனால் யார் வருவார்? நள்ளிரவில் யாரை அழைப்பது? இன்னொன்றும் முக்கியம். நான்கு நிபுணர்கள் எழுதிய மாத்திரைகளை ஒன்றாகப் பரப்பிவைத்து, எது வேண்டாம் என்று சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும். முதியோர் மருத்துவத்தின் வேலைகளில் இது முதன்மையானது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978இலேயே அதற்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024இல் கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவ மையமும் திறக்கப்பட்டுவிட்டது. வசதி இருக்கிறது, தேடிப் போகும் வழக்கம்தான் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், உரியவரிடம் கேட்க வேண்டும். கேட்டால், 'எனக்கென்னப்பா, உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்க' என்பார்கள். இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நம் வசதி. காலமெல்லாம் பிறர் சௌகரியம் பார்த்தே பழகியவர்களின், குறிப்பாகப் பெண்களின், பதில் அது. ஆகவே இரண்டாம் முறையும் கேட்க வேண்டும். 'என்ன செய்யலாம்' என்று பொதுவாக அல்லாமல், குளிப்பாட்ட வருபவர் ஆணா பெண்ணா, காலையிலா மாலையிலா, நாங்கள் இல்லாதபோது யாரை நம்புவீர்கள் என்று திட்டமாக. நினைவு மங்கியவர்களும் இவற்றில் சிலவற்றுக்கேனும் பதில் வைத்திருப்பார்கள்.

பதில் வரச் சற்று நேரம் ஆகலாம். அதுவரை தொலைபேசியை வைத்துவிடாமல் இருப்பதே பிள்ளைகள் செய்யக்கூடிய முதல் மருத்துவம்.