பிரஷ் போயிற்று, போட்டி சமமாயிற்றா?

அடுக்களையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸி ஒருநாள் முனகி, பொறி தெறித்து, கருகிய வாடையுடன் நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவர் அதைத் திறந்து, தேய்ந்துபோன இரண்டு கரித்துண்டுகளை எடுத்துக் காட்டி, "கார்பன் போயிடுச்சும்மா" என்கிறார். நம் இல்லங்களில் கார்பன் என்று வழங்கும் அத்துண்டுகளுக்கே பிரஷ் என்று பெயர். தூரிகையின் மயிர் ஏதும் அதில் இல்லையே என்று வியக்க வேண்டாம். தொடக்கக் காலத்தில் செப்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி வைத்ததால் வந்த பெயர் அது. அந்த இரண்டு துண்டுகளும் வேண்டுமா, வேண்டாமா என்பது பற்றி, கடல் கடந்த நாடுகளில் ஒரு விளையாட்டுக் களத்தில் பெரும் வழக்கே நடந்தது. அவ்வழக்கில் எங்கள் கருத்தைக் கூறவே இதை எழுதுகிறோம்.

அவ்விளையாட்டு ரேடியோ கார்ப் பந்தயம். மெய்யான காரில் பத்தில் ஒரு பங்கோ பன்னிரண்டில் ஒரு பங்கோ அளவுள்ள சிறு மின்சாரக் கார்கள் அதில் ஓடுகின்றன. ஓட்டுபவர் களத்தின் ஓரத்தில் உயர்ந்த மேடைமீது நின்று, கையிலுள்ள கருவியால் ரேடியோ அலைகளை அனுப்பித் தம் காரைச் செலுத்துகிறார். பெரும்பாலும் ஐந்தே நிமிட ஓட்டம்; அதற்குள் களத்தை அதிக முறை வலம் வந்தவரே வென்றவர். பொம்மை விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள், தோழியரே! இதற்கென்று அமெரிக்காவில் 'ரோர்' என்னும் அமைப்பு 1967-இல் தோன்றியது. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காரின் சிறு வடிவத்தை வெளியிட்டது. அதன் பின் பல நாட்டு இல்லங்களுக்குள் இவ்விளையாட்டு புகுந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள கார்களுக்கான உலகப் போட்டி 1982-இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடைபெற்றது. மண் தரையில் ஓடும் மின்சாரக் கார்களுக்கு 1985-இல், அதே மாநிலத்து டெல் மாரில் நடைபெற்றது.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. உலகப் போட்டியிலுங்கூட ஆண்களுக்கு ஒரு பிரிவு, பெண்களுக்கு ஒரு பிரிவு என்று கிடையாது. தோள்வலிமை வேண்டுவதில்லை, கண்ணும் விரலும் நிதானமும் போதும். அப்படியிருந்தும் அம்மேடையில் பெண்கள் அரிதாகவே காணப்படுகின்றனர். அதற்கு மோட்டாரும் ஒரு காரணம் என்று சொன்னால் நகைப்பீர்கள். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

காந்தப் புலத்தில் உள்ள கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி நகரும் என்று பௌதிக வகுப்பில், ஃபிளெமிங்கின் இடக்கை விதியோடு சேர்த்துப் படிக்கிறோம். ஆனால் கம்பிச்சுருள் அரைச் சுழற்சி சுற்றியவுடன் மின்னோட்டத்தின் திசையை மாற்றியாக வேண்டும். இல்லையேல் சுருள் வந்த வழியே திரும்ப முயலும். அதற்காகவே சுழலும் அச்சின்மேல் செப்புத் துண்டுகளாலான திசைமாற்றி பொருத்தப்பட்டுள்ளது. கம்யூட்டேட்டர் என்பதும் இதுவே. இரு பக்கமும் பிரஷ்கள் சுருள்வில்லின் அழுத்தத்தால் அதை உரசிக்கொண்டே மின்சாரத்தை ஊட்டுகின்றன. பந்தயக் கார்களில் நெடுங்காலமாகப் பயன்படும் 540 வகை மோட்டார் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உடையது, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் திசைமாற்றியில் மூன்று துண்டுகள், அவற்றினிடையே மூன்று பிளவுகள். நிமிடத்திற்கு 20,000 சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரஷும் நிமிடத்தில் 60,000 பிளவுகளைத் தாண்டுகிறது; ஐந்து நிமிட ஓட்டத்தில் மூன்று லட்சம்! தாண்டுந்தோறும் பொறி தெறிக்கிறது, செப்பு கருகுகிறது. சிறிது சிறிதாகத் திசைமாற்றி தன் வட்ட வடிவை இழக்கிறது. வட்டம் கெட்டால் பிரஷ் துள்ளும். துள்ளினால் பொறி இன்னும் பெரிதாகும்.

ஆகவே அக்காலத்துப் பந்தய மேசை ஒரு சிறு தொழிற்பட்டறையாகவே இருந்தது. புதியவர்களும் எளியவர்களும் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 'ஸ்டாக்' என்றொரு பிரிவு வைத்திருந்தனர். அதில் எல்லாருக்கும் 27 கம்பிச் சுற்றுள்ள மோட்டார்தான். சுற்றுக் குறையக் குறைய வேகம் கூடும் என்பதால் அவ்விதி. பிரஷுக்கும் காந்தத்திற்கும் இடையிலுள்ள கோணமும் 24 பாகை என்று அமெரிக்க விதியில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. காகிதத்தில் எல்லாரும் சமம். களத்திலோ? தொடக்கத்தில் மூடி அடைத்த டப்பாவாக இருந்த ஸ்டாக் மோட்டார், பின்னர் பிரித்துச் செப்பனிடக்கூடியதாயிற்று. அவ்வளவுதான், கையடக்கமான கடைசல் இயந்திரங்கள் வந்து இறங்கின. ஓட்டத்திற்கும் ஓட்டத்திற்கும் இடையே மோட்டாரைப் பிரித்து, வைர முனையால் திசைமாற்றியை மயிரிழை கனம் சீவினர். புது பிரஷ் இட்டனர். எந்தப் பக்கத்துச் சுருள்வில் எவ்வளவு இறுக்கம் என்று பார்த்துப் பார்த்து மாற்றினர். பிரஷின் முகம் செப்பின் வளைவுக்குப் பொருந்த வேண்டுமென்று மோட்டாரைத் தண்ணீருக்குள் ஓடவிட்டுப் பழக்கியவர்களும் உண்டு. நிக்கல் காட்மியம் செல்களில் ஒத்த திறனுள்ளவற்றைப் பொறுக்கிக் கட்டிய பாட்டரிக்குத் தனி விலை. மோட்டாரைச் செப்பனிடும் திறமையாலேயே மைக் ரீடி என்பவரின் பெயர் அவ்வுலகம் முழுவதும் பரவியிருந்தது.

இக்கலையை நாங்கள் இகழவில்லை. மெய்யான கைத்திறன் அது. ஆனால் ஸ்டாக் பிரிவு யாருக்காக ஏற்பட்டது என்பதையும் மறத்தலாகாது. சேர்த்து வைத்த சிறு பணத்தில் ஒரு காரும் ஒரு மோட்டாரும் வாங்கி வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியை எண்ணிப் பாருங்கள். கடைசல் இயந்திரம் வைத்திருப்பவரின் பக்கத்தில் அவள் நிற்கிறாள். இருவர் கையிலும் ஒரே மோட்டார். எனினும் ஓட்டம் தொடங்குமுன்பே அவள் தோற்றுவிடுகிறாள். இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம் என்றே கொள்வோம். நுணுக்கங்களை எங்கே வாங்குவது? அவை அச்சில் வந்ததைவிட வாய்வழியே பரவியதுதான் அதிகம்; தந்தையிடமிருந்து மகனுக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு, கார்க் கொட்டகையில் நின்றபடி. அக்கொட்டகைக்குள் மகளையும் அழைத்து, "வா, இதைப் பிடி" என்று சொன்ன தந்தையர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

பிரஷ் இல்லாத மோட்டாரில் ஏற்பாடே தலைகீழ். கம்பிச்சுருள் அசையாமல் நிற்க, நடுவில் காந்தம் சுழல்கிறது. திசையை மாற்றும் வேலையை உரசும் செப்பிடமிருந்து பறித்து, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலுள்ள டிரான்சிஸ்டர்களிடம் கொடுத்துவிட்டனர். காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்பதை மூன்று ஹால் உணர்விகள் சொல்ல, அதற்கேற்ப மூன்று கம்பிகளில் மின்சாரம் மாறி மாறிப் பாய்கிறது. உரசுவது தாங்கிகள் மட்டுமே. இன்று நம் ஊர்க் கடைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விற்கும் பி.எல்.டி.சி. மின்விசிறி இந்த இனத்தைச் சேர்ந்ததே. இவ்வகை மோட்டாரை வில்சன், டிரிக்கி என்னும் இருவர் 1962-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். 1980-களில் வலிமைமிக்க நியோடிமியம் காந்தம் வந்தது. 2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் கலிபோர்னியாவின் நோவாக் போன்ற நிறுவனங்கள் பந்தயக் கார்களுக்கென்றே இத்தகைய மோட்டார்களைக் கொண்டுவந்தன. சில ஆண்டுகளில் விதிப் புத்தகங்களும் இடம் தந்தன. 27 சுற்றுள்ள பழைய ஸ்டாக் மோட்டாரின் இடத்தை 17.5 சுற்றுள்ள பிரஷ் இல்லாத மோட்டார் பிடித்துக்கொண்டது. கடைசல் இயந்திரங்கள் பரணுக்கு ஏறின.

பழைய கைகள் சும்மா இருக்கவில்லை. "பிரஷ் மோட்டார் பிள்ளைகளுக்கு ஆசிரியர் போன்றது. பிரித்துச் சேர்த்தால்தான் மின்சாரம் புரியும். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டி ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும்?" என்கின்றனர். கேட்க இனிமையாகவே உள்ளது. ஆனால் எந்த பிரஷ் மோட்டார் ஆசிரியராக இருக்கிறது? டாமியா கார்ப் பெட்டிகள் பலவற்றில் இன்றும் கிடைக்கும் வெள்ளி நிற மலிவு மோட்டாரையா சொல்கின்றனர்? அது விளிம்பு மடித்து அடைத்த டப்பா. பிரஷ் தேய்ந்தால் மாற்ற வழியில்லை. தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். பிரித்துக் கற்கத் தகுந்ததோ விலை உயர்ந்த மோட்டார். அதனோடு கடைசல் இயந்திரமும் வேண்டும். ஏழைப் பிள்ளைக்கு எட்டுவது எதையும் கற்பிப்பதில்லை. கற்பிப்பது அவளுக்கு எட்டுவதில்லை. மோட்டாரைக் கற்க வேண்டுமானால் பள்ளிப் பரிசோதனைச் சாலையில் மேசைமேல் வைத்து நிதானமாகக் கற்போம். பந்தய நாளன்று, அடுத்த ஓட்டத்திற்கு அரை மணி இருக்கும்போது வேண்டாம். பிரஷ் போனதால் களத்தில் திறமைக்கு வேலை இல்லாமல் போய்விடவுமில்லை. எத்தனை பல் உள்ள பினியன் சக்கரத்தைப் பூட்டுவது, ஓட்டம் முடிந்ததும் மோட்டார் எவ்வளவு சூடேறியிருக்கிறது, இந்த மண்ணுக்கு எந்த ரப்பர்ச் சக்கரம், வளைவில் எங்கே வேகத்தைத் தளர்த்துவது ஆகியவையெல்லாம் இன்னும் ஓட்டுபவர் தலையில்தான்.

இவர்கள் கூற்றில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். பிரஷ் மோட்டார் கெட்டால் ஏன் கெட்டது என்று கண்ணால் காணலாம். பிரஷ் இல்லாத மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவி புகைந்து அணைந்துவிட்டால், அதைத் திறந்து பார்க்கும் சிறுமிக்குத் தெரிவது கறுப்புச் சில்லுகள் சில மட்டுமே. வாங்கிய கடைக்கே அனுப்ப வேண்டும், அல்லது புதிதாக ஒன்று வாங்க வேண்டும். இது இழப்புத்தான். எனினும் வாரந்தோறும் பிரஷுக்கும் செப்புக்கும் அழுத பணத்தோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடிய இழப்பு என்றே எண்ணுகிறோம்.

சரி, பிரஷ் போன பின் எல்லாரும் சமமாகிவிட்டனரா? அதுதான் இல்லை! திசையை மாற்றுவது இப்போது ஒரு சிறு கணிப்பொறியின் வேலை அன்றோ? வேகம் ஏற ஏறக் காந்தத்தின் கோணத்தை முன்தள்ளினால் அதே 17.5 மோட்டார் இன்னும் பறக்கும் என்று கருவி செய்வோர் கண்டுகொண்டனர். 2010-ஆம் ஆண்டையொட்டி இப்போட்டி முற்றிப்போயிற்று. ஸ்டாக் கார்கள் ஸ்டாக் கார்களாக இல்லை. புதிய கருவி வாங்கியவர் முன்னே, பழையதோடு வந்தவர் பின்னே. அதைத் தடுக்க, கோணத்தை முன்தள்ளாத நிலையில் மட்டுமே கருவியை வைக்க வேண்டும் என்று விதி செய்தனர். அந்நிலையில் கருவியிலுள்ள சிறு விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். சோதிப்பவர் விளக்கைப் பார்த்தாலே போதும். பந்தயக்காரர் அப்பிரிவுக்கு 'பிளிங்கி' என்றே பெயர் வைத்துவிட்டனர். இவ்வளவு எளிய காவலனை நாங்கள் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் பணம் தண்ணீரைப் போன்றது. ஒரு மடையை அடைத்தால் வேறு மடையைத் தேடும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த மோட்டார்களிலும் ஒன்றுக்கொன்று மயிரிழை வேற்றுமை இருக்கும். ஒன்றில் காந்தம் சற்று வலிது. மற்றொன்றில் கம்பியின் தடை சற்றுக் குறைவு. வசதியுள்ளவர்கள் ஐந்தாறு மோட்டார்களை வாங்கி, அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, சிறந்ததைத் தமக்கு வைத்துக்கொள்கின்றனர். பொறுக்கி எடுத்த காந்தங்களைத் தனி விலைக்கு விற்கும் வாணிபமும் நடக்கிறது. அமைப்புகள் அங்கீகரித்த மோட்டார்களின் பட்டியலை வெளியிடுகின்றன; அளவுகளுக்கு எல்லை கட்டுகின்றன. எல்லைக்குள்ளேயே பொறுக்கும் வேலை தொடர்கிறது. முன்பு ஒத்த செல்களைப் பொறுக்கியவர்களின் பழக்கமே இது, பொருள்தான் மாறியிருக்கிறது.

எனவே எங்கள் கருத்து இது. பிரஷ் போனது நன்றே. அதைத் திரும்ப அழைக்க வேண்டாம். ஆனால் ஸ்டாக் பிரிவில் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஓட்டுபவரிடம் விட்டுவைப்பதே தவறு. மோட்டார் அமைப்பாளருடையதாக இருக்கட்டும். சில போட்டிகளில் இம்முறை ஏற்கெனவே உண்டு. சிறு கழகங்களுக்கே அது மிகவும் தேவை. இருபது பேர் ஓடும் கழகத்திற்கு இருபத்து நான்கு மோட்டார்கள் போதும். ஒவ்வொன்றிலும் எண்ணிட்டு, திறந்தால் தெரியும்படி வண்ணம் தீட்டி, ஒரு பெட்டியில் வைப்பது. ஓட்டுபவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. முதல் ஓட்டத்தில் வலிய மோட்டார் கிடைத்தவருக்கு அடுத்த ஓட்டத்தில் அது கிடைக்கக்கூடாது என்றால், ஓட்டந்தோறும் மறுபடியும் எடுக்கச் செய்வது. மாலையில் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத் திரும்பப் பெற்றுக்கொள்வது.

செலவு யாருடையது என்று கேட்பர். நுழைவுக் கட்டணத்தோடு சிறு தொகை சேர்த்து வாங்கலாம். பிரஷ் இல்லாததால் ஒரு மோட்டார் பல பருவங்கள் உழைக்கும். விற்பனையாளருக்கு இது பிடிக்காது என்பதையும் அறிவோம். ஆண்டுதோறும் புது மோட்டார் வாங்கும் கூட்டம் ஸ்டாக் பிரிவில்தான் உள்ளது. கழகங்களுக்குப் பரிசுக் கோப்பை வாங்கித் தருபவர்களும் பல இடங்களில் அவர்களே. கோப்பை சற்றுச் சிறியதாக இருந்தால் என்ன? பெட்டியும் மோட்டார்களும் கழகத்தின் அலமாரியில் இருக்கும்வரை, புதிதாக வருகிற பிள்ளை காரும் பாட்டரியும் மட்டும் கொண்டுவந்தால் போதுமல்லவா?