கடுகும் பரங்கிக்காயும்

அந்தி வேளையில், மறைகின்ற சூரியனைச் சுட்டி, "இது ராத்திரியில் எங்கே போகிறது?" என்று ஐந்து வயதுக் குழந்தை கேட்கும்போது, கடலுக்குள் போய் உறங்குவதாகச் சொல்லி அதன் வாயை அடைத்துவிடுவது, எவ்வளவு பிரியத்தோடு செய்யப்பட்டாலும், அதன் ஞானதாகத்துக்கு நாம் இழைக்கும் துரோகமென்றே கருதுகிறேன். ஒரு விளக்கின் எதிரே எலுமிச்சம்பழத்தை மெல்லச் சுழற்றிக் காட்டினால், சூரியன் எங்கும் போகவில்லை, திரும்பிக்கொண்டது நாம் நிற்கும் பூமிதான் என்ற சத்தியத்தைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். தூரத்தை உணர்த்துவதற்கோ, 15 கோடி கிலோமீட்டர் என்ற எண்ணை மனனம் செய்விப்பதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை; ஒரு சாண் குறுக்களவுள்ள பரங்கிக்காயைச் சூரியனாகத் தெருவின் ஒரு கோடியில் வைத்து, அங்கிருந்து சுமார் 24 மீட்டர் குழந்தையோடு கைகோத்து நடந்து சென்று, ஒரு கடுகை அதன் உள்ளங்கையில் இட்டு, மலைகளும் சமுத்திரங்களும் நம் வீடும் அடங்கிய பூமி இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். கடுகையொத்த சுக்கிரனும் அதனினும் சிறிய புதனும் நீங்கலாக, நடந்து வந்த வழியெல்லாம் ஏறக்குறைய வெறும் வெளி. மெய்யான அந்த வெளியைக் கடந்துவர ஒளிக்கே 8 நிமிஷங்களுக்குச் சற்று அதிகமாகிறது. ஆனால், எந்தப் பாடத்தின் பொருட்டும் சூரியனை வெறுங்கண்ணால் உற்று நோக்கக் குழந்தையை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.