தளக்கணக்கு போதாது

ஒரு செய்திக்குறிப்பைப் பணம் கட்டி நூற்றுக்கணக்கான தளங்களில் ஏற்றிவிட்டால் கூகுள் தேடலில் முன்னிலை கிடைத்துவிடும் என்று வாதிடுகிறார்கள். தவறு. இப்படிப் பரப்பப்படும் குறிப்புகளில் தேடல்சொற்களோடு திணிக்கும் இணைப்புகளைக் கூகுள் 2013-லேயே விதிமீறலில் சேர்த்துவிட்டது.

எண்ணிக்கை அல்ல, உள்ளடக்கமே செய்தியாகிறது என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் நிறுவனத்துக்காக மக்கள் தொடர்பு ஆலோசகர் ஐவி லீ தந்த செய்திக்குறிப்பை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. நிருபருக்கு வேண்டிய தகவல் அதில் இருந்தது, அதுதான் காரணம்.

வேகமாகப் பரப்பினால் போதும் என்பவர்கள் 2000 ஆகஸ்டைப் பார்க்கட்டும். செய்திக்குறிப்புகளை விநியோகிக்கும் இன்டர்நெட் வயர் நிறுவனம் சரிபார்க்காமல் அனுப்பிய போலி அறிக்கையால் எமுலெக்ஸ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு ஒரே காலையில் பாதிக்கும் கீழே சரிந்தது.

ஆகவே உங்கள் துறையைப் பற்றி எழுதும் நிருபர்களைத் தேடிப் பிடியுங்கள். முதல் பத்தியிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். அழைத்தால் எடுக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.